பெயர் இருப்பவர்களின் பெண்ணியம்

தமிழில் மீ டூ தொடங்கியது 2018 அக்டோபர் இரண்டாம் வாரத்தில். பாடகி சின்மயி ட்விட்டரில் எழுதினார். கவிஞர் வைரமுத்து மீது அவர் சொன்ன குற்றச்சாட்டை வைரமுத்து மறுத்தார். அடுத்த சில நாள்களில் சினிமா, பத்திரிகை, கர்னாடக சங்கீத சபாக்கள் என்று பல இடங்களிலிருந்தும் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். அதே மாதம் 22ஆம் தேதி, சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம் தளவாய்ப்பட்டியில், வீட்டில் அம்மாவோடு பூக்கட்டிக்கொண்டிருந்த 13 வயது தலித் சிறுமி தலை துண்டிக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தவள். பக்கத்தில் குடியிருந்த ஆதிக்க சாதிக்காரர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அவர் தன்னிடம் தவறாக நடந்துகொள்ளப் பார்த்ததை மகள் முன்பே தன்னிடம் சொல்லியிருந்தாள் என்றும், அரிவாளோடு வந்தவர் சாதியைச் சொல்லித் திட்டினார் என்றும் தாய் சொன்னார்.

இந்த இரண்டையும் அருகருகே வைத்து அப்போது கேட்கப்பட்ட கேள்வி பலருக்கும் நினைவிருக்கும். மீ டூ பேசுகிறவர்கள் இதற்கு ஏன் பேசவில்லை? அந்தக் கேள்வி இரண்டு வகையான வாய்களிலிருந்து வந்தது. அதைப் பிரித்துப் பார்க்காமல் மேலே போக முடியாது. தலித் பெண்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்டதற்குப் பின்னால் தீர்க்கப்படாத பழைய கணக்குகள் இருந்தன. பதினைந்து நாளாகச் சின்மயியின் வாயை எதைக் கொண்டு அடைக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்த ஆண்களும் அதே கேள்வியைக் கேட்டார்கள். ஆத்தூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று முந்தின நாள் வரை கவலைப்படாதவர்கள் அவர்கள். கொல்லப்பட்ட குழந்தையை இன்னொரு பெண்மேல் எறிகிற கல்லாக எடுத்துக்கொண்டார்கள். அந்த நவம்பரில் சின்மயி டப்பிங் யூனியனிலிருந்து நீக்கப்பட்டார். சந்தா கட்டவில்லை என்று காரணம் சொன்னார்கள். அப்போது இந்த ஆண்கள் தளவாய்ப்பட்டி வழக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. கல் வேலையை முடித்துவிட்டது.

ஆண்களின் கேள்வி பொய்க் கேள்வி. ஆனால் அவர்கள் கேட்டுவிட்டார்கள் என்பதற்காகத் தலித் பெண்களின் கேள்வி பொய்யாகிவிடாது. இணையத்தில் எழுதும் பெண்ணியவாதிகள் பலர் அந்தக் குழப்பத்தில் ஒதுங்கிக்கொண்டார்கள். 'இது மீ டூவை உடைக்கப் பார்க்கிற வேலை' என்று ஒரே வரியில் இரண்டு கேள்விகளையும் சேர்த்து மூடியவர்கள் உண்டு. மற்றவர்கள் ஒரு சுலபமான பதிலைக் கண்டுபிடித்தார்கள்: சேர்த்துப் பேசுவோம். சிறுமியின் பெயரில் ஹேஷ்டேக் வந்தது. கருத்தரங்க அழைப்பிதழ்களில் 'சாதியும் பாலினமும்' என்று ஓர் அமர்வு கூடியது. விடுபட்டிருந்த வரியைச் சேர்த்துவிட்டால் கணக்கு சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அது. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. விடுபட்டது வரி இல்லை. இணையப் பெண்ணியம் எதைப் பேச்சு என்று எடுத்துக்கொள்கிறது, யாருடைய குரலைக் குரல் என்று அடையாளம் காண்கிறது என்பதிலேயே சாதி இருக்கிறது.

அந்தச் சிறுமியும் 'நானும்' என்று சொன்னவள்தான். அம்மாவிடம் சொன்னாள். நடந்ததைச் சொன்னாள், செய்தவர் யாரென்று சொன்னாள். மீ டூ ஒரு பெண்ணிடம் கேட்பதும் இதைத்தானே? ஆனால் அவள் சொன்னது எந்தத் திரையிலும் வரவில்லை. அவள் இறந்த பிறகு தாயின் வழியாக, செய்தியாக வந்தது. மீ டூ என்ற வடிவத்துக்குச் சில முன்தேவைகள் உண்டு. சொந்தப் பெயரில் ஒரு கணக்கு வேண்டும். குற்றம் செய்தவருக்கும் நமக்கும் நடுவில் கொஞ்சம் காலமோ தூரமோ வேண்டும். சொல்கிறவரின் பெயரைக் கேட்டதும் காது கொடுக்கச் சில நூறு பேராவது வேண்டும். புகழ்பெற்ற பாடகிக்கே தொழிலில் அத்தனை விலை கொடுக்க வேண்டியிருந்தது என்றால், பெயரும் ஓரளவுக்குத்தான் காப்பாற்றும் என்று தெரிகிறது. தளவாய்ப்பட்டி மாதிரியான ஊரிலோ பெயர் காப்பாற்றுவதே இல்லை, காட்டிக்கொடுக்கிறது. பெயரோடு ஊரைச் சொன்னால் அடுத்த கேள்வி 'எந்தப் பக்கம்?' என்று வரும். பக்கத்தைச் சொன்னால் தெரு தெரிந்துவிடும், தெரு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். குற்றம் செய்தவரோ கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிறார்.

பெயரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் பெயரை வெளியிடக் கூடாது என்பது சட்டம். இறந்துபோனவருக்கும் அது பொருந்தும் என்று நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில், தளவாய்ப்பட்டிக்கு இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், தெளிவாகச் சொன்னது. 2012 தில்லிப் பெண்ணுக்கு ஊடகங்கள் மாற்றுப் பெயர் வைத்தன. கத்துவாவின் முஸ்லிம் குழந்தைக்கும் ஆத்தூரின் தலித் குழந்தைக்கும் பெயர், படம், பள்ளி எல்லாமே வெளியே வந்தன. கத்துவா குழந்தையின் பெயரை வெளியிட்டதற்காக 2018 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றம் ஊடக நிறுவனங்களுக்கு அபராதமே போட்டது. ஒரு பக்கம் மறைத்துக் காக்கப்படும் பெயர், இன்னொரு பக்கம் கேட்பாரின்றித் தெருவுக்கு வரும் பெயர். பெயரைச் சொல்லாவிட்டால் அவளை மறந்தே போவார்கள் என்று நினைத்து எழுதிய தலித் பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. இந்தக் கட்டுரையில் நான் எழுதவில்லை, அவ்வளவுதான்.

சேலம், நாமக்கல் சமவெளிப் பெண்களுக்கு இணையம் எப்படி அறிமுகமானது என்பதைப் பார்க்காமல் இணையப் பெண்ணியம் என்று பொதுவாகப் பேசுவதில் பயனில்லை. 2016 ஜூன் 24ஆம் தேதி காலை சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஐ.டி. ஊழியரான இளம்பெண் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்து, 27ஆம் தேதி, சேலம் மாவட்டம் இடங்கணசாலையில் 21 வயதுப் பெண் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். வேதியியல் பட்டதாரி. அவர் முகத்தை ஒட்டி மார்ஃபிங் செய்த படங்களை ஒருவர் பேஸ்புக்கில் போட்டிருந்தார். பெற்றோர் போலீசில் புகார் கொடுத்த பிறகும் படங்கள் வந்தன. தான் யாருக்கும் படம் அனுப்பவில்லை, நம்புங்கள் என்ற பொருளில் பெற்றோருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டார்.

நுங்கம்பாக்கம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. பேசப்பட வேண்டியதுதான். ரயில் நிலையத்தில் கேமரா இல்லை, சுற்றியிருந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள், வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பாதுகாப்பு இல்லை என்று அரசையும் ரயில்வேயையும் பார்த்துக் கேள்விகள் எழுந்தன. இடங்கணசாலைக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஓர் அறிவுரை: பெண்களே, படம் போடாதீர்கள். ஒரு சாவு நகரத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டது. இன்னொரு சாவு எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கட்டுப்பாடாகத் திரும்பி வந்தது. அந்த வருடத்துக்குப் பிறகு இங்கே எத்தனை வீடுகளில் போன் பிடுங்கிவைக்கப்பட்டது என்பதற்குக் கணக்கெடுப்பு எதுவும் தேவையில்லை. ராசிபுரத்திலோ சங்ககிரியிலோ ஒரு கல்லூரி வகுப்பில் போய்ப் பெண்களின் வாட்ஸ்அப் முகப்புப் படங்களைப் பாருங்கள். ரோஜாப்பூ, யாரோ ஒரு குழந்தை, நடிகை, அம்மன், மழைத்துளி. சிம் கார்டு அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருக்கும். நூற்பாலை விடுதிகளில் இருக்கும் பெண்களின் நிலைமை இதைவிட மோசம். மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் மேற்கு மாவட்ட ஆலைகள் ஆள் எடுத்த காலத்திலிருந்தே, வீட்டுக்குப் பேசுவதற்குக்கூட வார்டன் தயவு வேண்டியிருக்கிறது. அப்படிப் போனவர்களில் தலித் பெண்கள் கணிசம். 'உன் கதையை உன் குரலில் சொல்' என்ற அழைப்பு இவர்களை எட்டுவதற்கு முன்னால் எத்தனை கதவுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

இதைச் சொன்னால் உடனே ஒரு சொல் வந்து விழும்: இன்டர்செக்‌ஷனாலிட்டி. 1989இல் கிம்பர்லே கிரென்ஷா எழுதிய கட்டுரையிலிருந்து வந்த சொல். கறுப்பினப் பெண்ணுக்கு நடப்பதை இனப்பாகுபாடு என்று மட்டும் பார்த்தாலும் தெரியாது, பாலினப் பாகுபாடு என்று மட்டும் பார்த்தாலும் தெரியாது, அமெரிக்க நீதிமன்றங்கள் அவளை இரண்டுக்கும் நடுவில் நழுவவிட்டன என்று அவர் காட்டினார். அங்கேயும் இணையம் வந்தபோது இதே சண்டை வந்தது. 2013 ஆகஸ்டில் மிக்கி கெண்டல் என்ற கறுப்பின எழுத்தாளர் 'உங்கள் தோழமை வெள்ளைப் பெண்களுக்கு மட்டும்தான்' என்ற பொருளில் ஒரு ஹேஷ்டேக் தொடங்க, வெள்ளைப் பெண்ணியவாதிகள் பதில் சொல்ல முடியாமல் நின்றார்கள். 'மீ டூ' என்ற சொற்றொடரையே 2006இலிருந்து புழக்கத்தில் வைத்திருந்தவர் டரானா பர்க். ஏழைக் கறுப்பினச் சிறுமிகளோடு வேலை செய்தவர் அவர். 2017 அக்டோபரில் நடிகை அலிசா மிலானோ எழுதிய பிறகுதான் அது உலகத்துக்குக் கேட்டது. பதினோரு வருடம் அந்தச் சொல் அங்கேயும் சிறுமிகளின் அறைகளுக்குள்ளேயே இருந்தது. நம் ஊரில் அதே 2017 அக்டோபரில், தலித் பின்னணி கொண்ட ராயா சர்க்கார் கல்வித்துறையில் பாலியல் தொல்லை செய்கிறவர்கள் என்று ஒரு பட்டியலை வெளியிட்டார். மூத்த பெண்ணியவாதிகள் சிலர் உரிய நடைமுறையைக் காரணம் காட்டி அதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். அந்த அறிக்கையை இன்று படித்தாலும், எந்த நடைமுறை யாருக்கு எட்டும் என்ற கேள்வி அதில் இல்லாதது உறுத்துகிறது.

இனத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாதியை வைத்துப் படிப்பது நம் மாணவிகளுக்குப் பழகிவிட்டது. ஓரளவு உதவவும் செய்கிறது. எங்கே அது நின்றுவிடுகிறது என்றால், நிறம் கண்ணுக்குத் தெரியும். சாதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் கேட்பதும் கடினமாகிவிட்டது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. நாம் விட்டோம். வடக்கே எழுதும் பெண்ணியவாதியின் பெயரைப் பார்த்தாலே அவர் எங்கிருந்து பேசுகிறார் என்று பல நேரம் தெரிந்துவிடும். நம் பெயர்களுக்கு முன்னால் ஓர் இனிஷியல்தான் இருக்கும். இதைப் பெரிய சாதனையாகவே நினைக்கிறேன். ஆனால் இணையத்தில் அதற்கு எதிர்பாராத ஒரு பலன் உண்டு. தமிழ்ப் பெண்ணியப் பக்கங்களில் எழுதுகிற எல்லோரும் சாதியற்ற பெண்களாகத் தெரிகிறோம். பிறந்த வீட்டுச் சமையல், சடங்கு, பாட்டியின் நகை, அம்மாவின் பட்டுப்புடவை என்று எழுதும்போது யாருடைய சமையல், எந்தச் சாதியின் சடங்கு என்று சொல்ல வேண்டிய அவசியம் வருவதில்லை. 'தமிழ்ப் பெண்' என்றே போதும் என்றாகிவிடுகிறது. தலித் பெண் எழுதினால் மட்டும் தலைப்பிலேயே சாதி வருகிறது. இனிஷியலுக்குப் பின்னால் ஒளிய மற்றவர்களுக்கு முடிகிறது. இதற்கிடையில் எங்கள் பக்கத்து இளைஞர்கள் பாட்டன் காலத்தில் விட்ட பட்டத்தை பேஸ்புக் பெயரில் மறுபடி ஒட்டிக்கொள்கிறார்கள். 1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியதும் இதே சேலத்தில்தான்.

சாதிக்கும் பெண்ணுக்குமான தொடர்பைப் புரிந்துகொள்ள நமக்கு அமெரிக்காவிலிருந்து சொல் வரவேண்டியதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. பாதி சரி. 1916 மே மாதம் அம்பேத்கர் 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை வாசித்தது நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில். ஆக, அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான்! சாதிக்குள்ளேயே கல்யாணம் என்பதுதான் சாதியின் உயிர்நாடி. அது நடக்க வேண்டுமானால் ஒரு சாதிக்குள் ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கூடுதலாகப் போகும் பெண்ணை என்ன செய்வது, கூடுதலாகப் போகும் ஆணை என்ன செய்வது என்ற கணக்கிலிருந்துதான் உடன்கட்டையும் விதவைக் கோலமும் சிறுமித் திருமணமும் வந்தன என்றார். பெண்ணைக் கட்டிவைப்பது சாதியின் விளைவு இல்லை, சாதி வேலை செய்யும் முறையே அதுதான். நூறு வருடத்துக்கு மேலாகியும் இந்தக் கட்டுரையைவிட எங்கள் சமவெளியைச் சரியாக விளக்குகிற எதையும் நான் படித்ததில்லை.

ஏனென்றால் அந்தக் கணக்கு இங்கே கண்முன்னால் நடந்தது. பெண் சிசுக்கொலை அதிகமாக இருந்ததால்தான் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் முதலில் சேலம் மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. அந்தத் தலைமுறை வளர்ந்து கல்யாண வயதுக்கு வந்தபோது ஆண்களுக்குப் பெண் கிடைக்கவில்லை. பெருமாள்முருகனின் 'கங்கணம்' நாவல் அந்தப் பெண் தேடலைத்தான் சொல்கிறது. நிலம் வைத்திருக்கிற கவுண்டர் வீடுகள் தரகர் வைத்து பாலக்காட்டுப் பக்கம் பெண் எடுக்க ஆரம்பித்தன. வருகிற பெண் என்ன சாதி என்று அங்கே யாரும் நுணுகிப் பார்ப்பதில்லை. வந்தபின் நம் வீட்டுப் பெண்தானே. ஆனால் இதே வீட்டுப் பெண் ஒரு தலித் இளைஞனோடு கோயிலில் நின்று பேசினால்? சாதியின் கதவு உள்ளே வரும் பெண்ணுக்குத் திறக்கும், வெளியே போகும் பெண்ணுக்குத் திறக்காது.

2018 நவம்பரில் ட்விட்டர் நிறுவனத் தலைவர் ஜாக் டார்சி இந்தியா வந்தபோது கையில் ஒரு பதாகையைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார். பார்ப்பனிய ஆணாதிக்கத்தைத் தகர்ப்போம் என்றது அந்தப் பதாகை. வடிவமைத்தவர் அமெரிக்காவில் வாழும் தமிழ் தலித் பெண்ணான தேன்மொழி சௌந்தரராஜன். பெரிய கூச்சல் எழுந்தது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. தமிழ்ப் பக்கங்களில் அந்தப் பதாகைக்கு ஆதரவு குவிந்ததில் ஆச்சரியமில்லை. நமக்குப் பழகிய சொல். உமா சக்ரவர்த்தி 1993இல் அந்தக் கருத்தை விரித்து எழுதியபோது ஒரு சாதியாரை மட்டும் சொல்லவில்லை. சாதி வரிசையில் தன் படியைக் காக்கப் பெண்ணைக் காவலில் வைக்கும் எல்லோருக்குமான சட்டத்தைச் சொன்னார். தமிழில் அது புழங்கும்போது பாதிப் பொருள் உதிர்ந்துவிடுகிறது. பார்ப்பனர்களைப் பற்றிய சொல் என்று மட்டும் கேட்கிறது. எங்கள் ஊர்களில் அரிவாள் எடுப்பவர் பார்ப்பனர் இல்லை. தளவாய்ப்பட்டிக்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் வந்த அந்தப் பதாகைக்கு விருப்பக்குறி போட்டவர்களில் எத்தனை பேர், இடைநிலைச் சாதி வீட்டில் பிறந்த பெண்களான நாம், அதில் நம் அண்ணன் தம்பிகளையும் பார்த்தோம்?

இந்த இடத்தில் திருச்செங்கோட்டுக்குப் போக வேண்டும். 2015 ஜூன் 23 அன்று அர்த்தநாரீஸ்வரர் மலைக்கோயிலில் தன்னோடு படித்த தோழியுடன் பேசிக்கொண்டிருந்த ஓமலூர் கோகுல்ராஜ், தலித் பொறியியல் பட்டதாரி, கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். தேடப்பட்ட யுவராஜ் தீரன் சின்னமலை கவுண்டர் பேரவையின் நிறுவனர். தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளைப் பரப்பிக்கொண்டிருந்தார். சாதியின் இணையம் நம் இணையத்தைவிட வேகமாக வீடு வீடாகப் போனது. வழக்கை விசாரித்த டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா, அவரும் தலித் பெண், செப்டம்பர் 18 அன்று திருச்செங்கோட்டில் இறந்துகிடந்தார். கோகுல்ராஜின் தாய் விடவில்லை. நாமக்கல்லில் நியாயம் கிடைக்காது என்று சொல்லி விசாரணையை மதுரைக்கு மாற்றவைத்தார். 2022 மார்ச் 5 அன்று மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. தண்டனை அறிவித்த நாள் மார்ச் 8. யுவராஜுக்குச் சாகும்வரை சிறை. அன்று நம் பக்கங்களெல்லாம் மகளிர் தின வாழ்த்துகளால் நிறைந்திருந்தன. ஏழு வருடம் நீதிமன்றப் படியேறிய ஒரு தலித் தாயைவிட மகளிர் தினத்துக்குப் பொருத்தமான செய்தி என்ன இருந்திருக்க முடியும்? அந்தச் செய்தியை 'சாதி' என்ற பெட்டியில் போட்டோம். 'பெண்' பெட்டியில் வாழ்த்து அட்டைகள் இருந்தன.

அந்த வழக்கில் இன்னொரு பெண்ணும் இருக்கிறார். கோயிலில் கோகுல்ராஜோடு பேசிய தோழி, கவுண்டர் வீட்டுப் பெண். விசாரணையில் அவர் பிறழ்சாட்சியானார். 2022 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மறுபடி அழைத்து, கோயில் கேமராப் பதிவைக் காட்டிக் கேட்டது. பதிவில் இருக்கும் பெண் தான் இல்லை என்றார். நீதிமன்றம் தானாக முன்வந்து அவமதிப்பு வழக்குத் தொடர்ந்தது. மேல்முறையீட்டிலும் 2023 ஜூனில் யுவராஜின் தண்டனை உறுதியானது. அந்தக் கேமராப் பதிவுகளும் வழக்கில் சாட்சியமாக நின்றன.

மீ டூவுக்கு நேர் எதிரான வாக்கியம் அது. நானும் என்பதற்கு எதிர்ப்பதம், நான் இல்லை. இணையத்தில் அந்தப் பெண்ணைத் துரோகி என்று திட்டியவர்கள் அநேகம். மகனைப் பறிகொடுத்த தாய்க்கு அந்தக் கோபம் வரலாம், வரத்தான் வேண்டும். நான் கேட்பது பெண்ணியப் பக்கங்களை. பெரும்பாலானவை ஒன்றும் சொல்லவில்லை. சொன்ன சிலவும் திட்டுவதோடு நின்றன. பேசுகிற பெண்ணைக் கொண்டாடத் தெரிந்த நமக்கு, பேச மறுக்கிற பெண்ணைப் படிக்கத் தெரியவில்லை. எந்த மானத்தின் பெயரால் கோகுல்ராஜ் கொல்லப்பட்டாரோ அந்த மானம் இவருடையது என்றார்கள். இவரை யாரும் கேட்கவில்லை. தன் முகத்தையே தன் முகம் இல்லை என்று சொல்ல ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்த முடிகிறது என்றால், அம்பேத்கர் சொன்ன காவல் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடையாது. அதே சமயம் இவரையும் கோகுல்ராஜின் தாயையும் 'இரண்டு பெண்கள், இரண்டு துயரங்கள்' என்று ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஒருவருடைய மௌனத்துக்கு ஒரு சாதியே வேலி போட்டு நின்றது. இன்னொருவர் தன் பேச்சுக்காக ஊரைவிட்டு மாவட்டம் தாண்ட வேண்டியிருந்தது. ஆதிக்க சாதிப் பெண் சாதிக்குள் கைதி, சாதிக்கு வெளியே நிற்பவர்கள்மேல் அதிகாரமும் உள்ளவள். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல நமக்கு மொழி வேண்டும். 'சகோதரித்துவம்' அந்த மொழி இல்லை. சலுகை பெற்றவளே, வாயை மூடு என்பதும் இல்லை.

பெயர் சொல்லாமல் பேசுவதற்கு இதே மேற்கு மண்டலத்தில் ஓர் உதாரணம் உண்டு. 2019 பிப்ரவரி, மார்ச்சில் பொள்ளாச்சி வழக்கு வெடித்தது. புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை அதிகாரியே செய்தியாளர்களிடம் சொன்னார். அரசாணையிலும் பெயர் வந்தது. ஒரே ஒரு பெண் புகார் கொடுத்ததற்கே இந்த நிலை. மற்ற பெண்கள் இனி வரவே மாட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அப்போது இணையத்தில் எழுந்த கோபம் வழக்கை சி.பி.ஐ.க்குக் கொண்டுபோவதில் உதவியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதன் பிறகு ஹேஷ்டேக் ஓய்ந்தது. ஆறு வருடம் விசாரணை நடந்தது. எட்டுப் பெண்கள் சாட்சி சொன்னார்கள், மூடிய நீதிமன்ற அறையில், அடையாளம் மறைக்கப்பட்டு. ஒருவர்கூடப் பிறழவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறைத் தண்டனை விதித்தது. எட்டுப் பேருக்கும் சேர்த்து 85 லட்சம் ரூபாய் இழப்பீடு.

பெயரில்லாத, முகமில்லாத, பகிர முடியாத அந்தச் சாட்சியங்கள் நம் அளவுகோலில் 'குரல்' ஆகவே தேறாது. நம் பத்திரிகைகளும் பதிப்பகங்களும், இந்தத் தொகுப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கட்டுரை கேட்கும்போது பெயர், படம், ஐந்து வரியில் தன்குறிப்பு கேட்கின்றன. பெயர் வேண்டாம் என்று நாமக்கல்லிலிருந்தோ ஆத்தூரிலிருந்தோ ஒரு பெண் எழுதினால், 'தைரியமாகச் சொந்தப் பெயரில் எழுதுங்கள் தோழி' என்று பதில் போகிறது. அன்பாகத்தான் போகிறது. அதைப் படிக்கிற பெண், போனில் அந்த மின்னஞ்சலை அண்ணன் பார்ப்பதற்கு முன்னால் அழித்துவிட்டு, முகப்பில் ரோஜாப்பூவை அப்படியே விட்டுவைக்கிறாள்.